கிளுவை வேலிக்கு ஜேசிபி வருவதற்கு முன்னால்: கண்வலிக்கிழங்கைக் காப்பாற்றும் வழி

மாசி பிறந்து வெயில் ஏறியதும் எங்கள் பக்கம் ஜேசிபி வண்டிகளுக்கு ஓய்வே இருக்காது. தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சி என்று எந்த ரோட்டில் போனாலும் ஒரு கொரங்காடாவது பிளாட் ஆகிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் சோலார் பேனல் நிறுத்துவதற்காக மட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் வேலையே வேலியைப் பிடுங்குவதுதான். நாலு தலைமுறை நின்ற கிளுவை வேலி அரை நாளில் ஓரமாகக் குவிந்துவிடும், காய்ந்ததும் தீ வைத்துவிடுவார்கள். அந்த வேலியடியில் கண்வலிக்கிழங்கு தூங்கிக்கொண்டிருந்தது என்பது வண்டி ஓட்டுபவருக்கும் தெரியாது, இடத்தை விற்றவருக்கும் நினைவிருக்காது, ஏனென்றால் அந்த மாதத்தில் மண்ணுக்கு மேலே ஒரு இலைகூட இருக்காது.

கொரங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மானாவாரி மேய்ச்சல் நிலம், உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை என்ற முள்மரத்தை நட்டு வளர்த்த உயிர்வேலி. காங்கயம் மாடுகள் வளர்ந்தது இதில்தான்.

கண்வலிக்கிழங்கு என்றால் செங்காந்தள். மாநில மலர் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அதே பூ. ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள். கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உலகக் கணக்கில் இது அழிந்துகொண்டிருக்கும் செடி இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக உண்டு, ஜிம்பாப்வேக்கு இதுதான் தேசிய மலர், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் களையாகவே படர்ந்து அங்குள்ளவர்களுக்குத் தலைவலி கொடுக்கிறது. அதனால் "அய்யோ அழிகிறது" என்று பொத்தாம்பொதுவாகக் கத்துவதில் எனக்கு இஷ்டமில்லை. என் கவலை சின்னது. நான் பள்ளிக்கூடம் போன மண்பாதையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் இரண்டு பக்க வேலியிலும் எண்ண முடியாத அளவுக்குப் பூத்துக் கிடக்கும். போன வருஷம் அதே பாதையில் நடந்து எண்ணினேன், இரண்டே இடம். வேலி போனது, அதோடு அதுவும் போனது. உலகத்தில் எங்கோ நிறைய இருக்கிறது என்பது எங்கள் ஊர் வேலிக்கு ஆறுதல் ஆகாது.

கீழே இருப்பது நான் ஆறேழு வருஷமாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. பாதி, செடியைக் கொன்று கற்றது.

பூக்கும்போதே குறித்துவையுங்கள்

மழை விழுந்ததும், எங்கள் பக்கம் ஆடிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள், கிழங்கு முளைக்கும். அங்கிருந்து தையில் கொடி காய்ந்து உதிரும் வரைக்கும்தான் இது கண்ணுக்குத் தெரியும். மற்ற மாதங்களில் எங்கே இருக்கிறதென்று அந்த நிலத்துக்காரரே சொல்ல முடியாது. ஜேசிபி வருவதோ காய்ந்த மாதத்தில். ஆகவே வேலை ஐப்பசியில் ஆரம்பிக்க வேண்டும், ஊரில் யாராவது "அந்தக் காடு விலைக்குப் போகுதாம்" என்று (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைத்தான் காடு என்போம்) பேச ஆரம்பித்த வருஷமே.

பூ இருந்தால் அடையாளம் காண ஒரு கஷ்டமும் இல்லை. தலைகீழாகத் தொங்கும் பூவில் ஆறு இதழ்கள் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி எழுந்து நிற்கும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. மலரும் அன்று பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் தெரியும். பூ இல்லாத நாளில் இலை நுனியைப் பாருங்கள். இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும், அதை வைத்துத்தான் கிளுவைக் குச்சியைப் பிடித்து மேலே ஏறுகிறது. கோவைக்கொடிக்கும் பாகற்கொடிக்கும் சுருள்கம்பி தண்டிலிருந்து தனியாகக் கிளம்பும், இதற்கு இலையே கம்பி. இந்த ஒன்று தெரிந்தால் போதும், முழங்கால் உயரக் கொடியைக்கூடத் தப்பாமல் கண்டுபிடிக்கலாம்.

கண்டுபிடித்த இடத்தைக் குறிப்பதில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். சிவப்புத் துணி கட்டிவிட்டு, படம் எடுத்து, ஊர்ப் பெயரும் காட்டு அடையாளமும் போட்டு ஒரு குழுவில் பகிர்ந்தேன். நூறு பேர் பாராட்டினார்கள். பத்து நாள் கழித்துப் போனால் துணி கட்டிய இடமெல்லாம் குழி. கிழங்குக்கு விலை உண்டு, அதைத் தோண்டி விற்கிறவர்களும் உண்டு, அவர்களிடமும் போன் இருக்கிறது. அதிலிருந்து துணி, கொடி, பெயின்ட் எதுவும் வைப்பதில்லை. "கிழக்கு வேலி, இட்டேரி முக்கிலிருந்து 42 எட்டு, பெரிய வேலமரத்துக்கு நேர் எதிர்" என்று நோட்டில் எழுதிக்கொள்கிறேன், இட்டேரி என்றால் இரண்டு வேலிக்கு நடுவே போகும் மண்பாதை. போனில் படம் எடுத்தால் இடப்பதிவு அதிலேயே இருக்கும், ஆனால் அந்தப் படத்தை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள். செடிகொடிகளைப் படத்தோடு பதிந்துவைக்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவு செய்வது நல்ல பழக்கம், அதில் இடத்தை மங்கலாகக் காட்டும் தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுப் பதியுங்கள்.

ஒரே இடத்தில் எத்தனை கொடி என்பதையும், எந்தக் கொடியில் காய் பிடித்திருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் விதை எடுக்கும்போது அது உதவும்.

தோண்டுவது கடைசி வேலை

இதைப் படிக்கிற பாதிப் பேர் கடப்பாரையோடு கிளம்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. வேண்டாம். வேலி நிற்கிற வரைக்கும் கிழங்கு அங்கேயே இருக்கட்டும். நாம் காப்பாற்றுகிறோம் என்று தோண்டுவதும், விற்கத் தோண்டுவதும் கிழங்குக்கு ஒன்றுதான். நன்றாகத் தோண்டினாலும் சிலது செத்துப்போகும்.

முதலில் நிலத்துக்காரரிடம் பேசுங்கள். பேச்சை எங்கே ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல்லுயிர், சூழல் என்று ஆரம்பித்தால் "ஏனுங்க, எங்க நிலத்த விக்க நீங்க யாருங்க தடுக்கறதுக்கு" என்று முகம் மாறிவிடும், அதில் நியாயமும் இருக்கிறது. மழை பொய்த்து மாட்டை விற்றவர், மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்கிறார். நான் கிழங்கைப் பற்றிக் கேட்டுத்தான் ஆரம்பிப்பேன். "உங்க அப்பாரு காலத்துல இந்த வேலியில கண்வலிப்பூ நிறைய இருக்குமாமே" என்றால் அவரே நடந்து வந்து இடம் காட்டுவார். விற்பனை முடிந்திருந்தால், பிளாட் போடுகிறவர் யார், வேலை எப்போது தொடங்கும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

பிளாட் போடுகிறவரிடம் கேட்க நமக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலைக்கு விட்டது போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். வரைபடத்தில் பார்க் என்று பச்சையடித்துக் காட்டுவார்களே, அதுதான். அந்தப் பச்சை எங்கே வர வேண்டும் என்பது வரைபடம் போடும்போது முடிவாவது. பெரும்பாலும் விற்காத கோணல் மூலையைத்தான் அதற்குத் தள்ளுவார்கள், கோணல் மூலை எப்போதும் வேலியோரம்தான் இருக்கும். அங்கீகாரத்துக்குப் போவதற்கு முன்னால் போய், "எப்படியும் பார்க் விடத்தானே போறீங்க, அதைக் கிழக்கு வேலியோரமா விட்டு, அந்த நாற்பதடி வேலியை மட்டும் பிடுங்காம விட்டா உங்களுக்கு ஒரு கல்லுக்கால் செலவு மிச்சம்" என்று சொல்லிப் பாருங்கள். நான் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் போனை எடுக்கவில்லை, ஒருவர் விட்டுக்கொடுத்தார். மாநில மலர் இருக்கும் பார்க் என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்டார், போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு வழி மெதுவானது, ஆனால் வலுவானது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு மக்கள் பல்லுயிர் பதிவேடு ஒன்று வைத்திருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால் அப்படி ஒன்றா என்று பார்ப்பார்கள், பரவாயில்லை, எழுத்தில் கேளுங்கள். உங்கள் நோட்டில் இருப்பதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், முக்கியமாக இட்டேரி, ஏரிக்கரை, புறம்போக்கு ஓரங்களில் இருப்பதை, ஏனென்றால் அங்கே விற்பவர் யாரும் இல்லை, சாலை அகலப்படுத்துகிறவர்கள்தான் வருவார்கள். கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 பூக்காலத்தில் வருவது நமக்கு அதிர்ஷ்டம், ஒரு கொடியைப் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டலாம். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தை உள்ளடக்கி 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர்கள் கிராமசபையில் தீர்மானம் போட்டு எதிர்த்தன, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஒரு கிளுவை வேலிக்காக அவ்வளவு பெரிய கூட்டம் திரளாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால், ரோடு போட வரும் அதிகாரியிடம் காட்ட ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

காப்புக்காட்டில் இருப்பதைத் தொடவே கூடாது. அங்கே கிழங்கோ விதையோ எடுப்பது வனச்சட்டப்படி குற்றம், காப்பாற்றத்தான் எடுத்தேன் என்ற பேச்சு எடுபடாது.

கையுறை போடுங்கள், தயவுசெய்து

தோண்டும் முறையைச் சொல்வதற்கு முன்னால் இது. கண்வலிக்கிழங்கின் எல்லாப் பாகமும் விஷம், கிழங்கும் விதையும் ரொம்பவே. உள்ளே இருப்பது கோல்சிசின். யூரிக் அமிலம் ஏறி வரும் மூட்டுவீக்கத்துக்கு இதே கோல்சிசினை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், அதற்காகத்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் பந்தல் கம்பியில் ஏற்றி இதை வயலிலேயே சாகுபடி செய்கிறார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இதில் மிகக் குறைவு. சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு, தெரிந்தே தின்றவர்களும் உண்டு, எங்கள் பக்கத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் குரல் இறங்குவது அதனால்தான்.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி தொடங்கும். அது கொஞ்சம் அடங்கியது போல இருக்கும்போதே உள்ளுறுப்புகள் கெட ஆரம்பித்திருக்கும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டும். முறிவு மருந்து என்று கையில் ஒன்றும் கிடையாது, சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. மோரைக் கொடு, புளியைக் கரைத்துக் கொடு என்று வீட்டில் நேரத்தை வீணாக்காமல் 108ஐக் கூப்பிட்டு, தின்ற கிழங்கின் துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆகவே ரப்பர் கையுறை. வேலை முடிந்ததும் கத்தி, களைக்கொத்து, கை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எடுத்த கிழங்கை வெங்காயம், சர்க்கரைவள்ளி கிடக்கும் அறையில் வைக்கவே கூடாது. அங்கன்வாடி பக்கத்திலோ, தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலோ, மாடு கட்டும் இடத்திலோ நடக் கூடாது. மொட்டைமாடித் தொட்டியில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் மல்லிகை வையுங்கள்.

தோண்டியே ஆக வேண்டும் என்றால்

வேலி போவது உறுதி, தேதியும் தெரிந்துவிட்டது, நிலத்துக்காரர் சம்மதமும் இருக்கிறது. சரி, இப்போது தோண்டலாம்.

நல்ல காலம் கொடி முழுக்கக் காய்ந்த பிறகு, தையும் மாசியும். பச்சையாக இருக்கும்போது எடுத்தால் பழைய கிழங்கு கரைந்து புதுக் கிழங்கு பாதியில் நிற்கும், வைத்தால் அழுகும். வருஷா வருஷம் இது கிழங்கை மாற்றிக்கொள்கிற செடி. முளைத்த கிழங்கு மழைக்காலம் முழுக்கத் தன்னையே செலவழித்துச் சுருங்கிப்போகும், அதன் இடத்தில் புதிதாக இரண்டு கரம் கொண்ட கிழங்கு திரண்டிருக்கும். தையில் அது முற்றியிருக்கும்.

அந்தக் கிழங்கின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் மீதி எல்லாம் சரியாக வரும். இரண்டு கரமும் சேரும் முழங்கை மாதிரியான இடம் ஒன்று, கரத்தின் கடைசியில் கூரான நுனி ஒன்று. அடுத்த வருஷத்து முளை அந்த நுனியில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்த கரம், பார்க்கக் கொழுகொழு என்று இருந்தாலும், பெரும்பாலும் முளைக்காது. முழங்கையில் உடைந்து இரண்டாகப் போனால் கவலையில்லை, இரண்டு நுனியும் முழுசாக இருந்தால் இரண்டு செடி. நான் முதல் வருஷம் எடுத்த பதினொன்றில் ஏழுக்கு நுனி போய்விட்டது. கடப்பாரையை வேலியடியில் குத்தி நெம்பினேன், வெள்ளரிப்பிஞ்சு ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது, அப்போதும் எனக்குப் புரியவில்லை.

இப்போது செய்வது இப்படி. முந்தின நாள் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவைப்பேன், ஈரம் இறங்கினால் செம்மண் சரளை விட்டுக்கொடுக்கும். மறுநாள் காய்ந்த தண்டு மண்ணுக்குள் போகும் இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சுற்றிலும் வட்டமாகக் குழி எடுப்பேன். கடப்பாரை அந்த வட்டத்துக்கு வெளியே மட்டும்தான். உள்பக்கம் களைக்கொத்தும், பிறகு வெறும் கையும். கிழங்கு அரை அடியிலும் கிடைக்கும், வேலிக்கல்லுக்கு அடியில் ஒரு அடிக்கும் கீழே போயிருக்கும், கிளுவை வேர் நடுவே பின்னிக்கொண்டிருந்தால் வேரை வெட்டுங்கள், கிழங்கை இழுக்காதீர்கள். இழுத்தால் நுனி அங்கேயே தங்கிவிடும். ஒரு தண்டுக்கு அடியில் ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் சுற்றி ஒரு சாண் தூரம் விரலால் துழாவிப் பாருங்கள், முளைக்காமல் தூங்கிய கிழங்கும், விதையிலிருந்து வந்த சுண்டுவிரல் கிழங்குகளும் கிடைக்கும். அவைதான் நமக்கு முக்கியம், இளசு, நன்றாகப் பிழைக்கும்.

மண்ணைத் தட்ட வேண்டாம், கழுவவும் வேண்டாம். உடைந்த வாயில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் மூன்று நாலு நாள் உலர்த்துங்கள். சாகுபடி செய்கிறவர்கள் பூஞ்சைமருந்துக் கரைசலில் நனைத்து நடுவார்கள், ஐம்பது கிழங்கு நடும் நமக்குச் சாம்பல் போதும்.

புது இடம் தயாராக இருந்தால் உலர்ந்த கையோடு நட்டுவிடுவதுதான் நல்லது. அது எப்படியும் வெயில் காலத்தை மண்ணுக்குள்தான் கழிக்கும், அதைக் கூடையில் கழிக்க வைப்பானேன். இடம் இல்லை என்றால் மண்பானையில் காய்ந்த ஆற்று மணல் பரப்பி, கிழங்கை ஒன்றுக்கொன்று படாமல் படுக்கவைத்து, மேலே மணல் மூடி, இருட்டு மூலையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பதினைந்து நாளில் குழம்பாகிவிடும். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். பானைமேல் "விஷம்" என்று பெரிதாக எழுதி உயரத்தில் வையுங்கள். வைகாசிக் கடைசியில் நுனி வெளுத்து உப்ப ஆரம்பிக்கும், அதற்கு மேல் தாமதிக்கக் கூடாது, நுனி நீண்டுவிட்டால் கை பட்டாலே ஒடியும்.

மழைக்காலத்திலேயே ஜேசிபி வந்துவிட்டால் என்ன செய்வது? பெரிய மண்கட்டியோடு, கொடி ஏறிய குச்சியையும் சேர்த்து, சாக்கில் வைத்துத் தூக்க வேண்டியதுதான். நான் நாலு எடுத்து ஒன்று பிழைத்தது. காய் முற்றியிருந்தால் அதைப் பறித்துக்கொள்ளுங்கள், அது நிச்சயமான லாபம்.

புது இடமும் ஒரு வேலியாக இருக்கட்டும்

பூத்தொட்டி, புல்தரை, காம்பவுண்டு சுவர் எதுவும் இதற்குச் சரிப்படாது. அடி நிழலில், தலை வெயிலில், பற்ற ஒரு குச்சி என்று மூன்றும் கேட்கிற செடி இது, வேலியடியில் மூன்றும் இருந்தது. ஆகவே முதலில் வேலி நடுங்கள். பிடுங்கிப் போட்ட கிளுவையிலிருந்தே கட்டைவிரல் பருமனில் போத்து வெட்டிக்கொண்டு வந்து நட்டால் மழையில் துளிர்த்துவிடும், அதைக் கொளுத்தும் முன் நாலு கட்டு எடுத்துவர யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. தோட்டத்து வடக்கு ஓரம், கோயில் நந்தவனத்து வேலி, அந்த பார்க் மூலை, எதுவானாலும் தண்ணீர் தேங்காத செம்மண்ணோ சரளையோ இருக்க வேண்டும். கரிசலில் வைத்தால் ஒரே ஐப்பசி மழையில் அழுகும். சொட்டுநீர்க் குழாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம்.

குச்சியிலிருந்து ஒரு அடி தள்ளி நாலு விரற்கடை ஆழத்தில் கிழங்கைப் படுக்கவையுங்கள், நுனி மட்டும் லேசாக மேல்நோக்கி. இரண்டு கிழங்குக்கு நடுவே ஒன்றரை அடி. மயில் கிளறாமல் இருக்க மேலே முள் போட்டுவையுங்கள், எங்கள் பக்கம் மயில் கிளறாத மண்ணே கிடையாது. மழை வரும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள், உரமும் வேண்டாம்.

முளைத்து ஒரு முழம் வந்ததும் கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளி போட்ட புழு வரும். அழகான புழு, இந்தச் செடியின் விஷம் அதற்கு ஒன்றும் செய்யாது, இரண்டு நாளில் கொடியைத் தண்டாக்கிவிடும். மருந்தடிக்க வேண்டாம், பூவுக்கு வரும் பட்டாம்பூச்சியும் சேர்ந்து போகும். காலையில் ஒரு குச்சியால் தட்டி டப்பாவில் விழவைத்தால் போதும். பெரிய கொடியில் நாலைந்து இருந்தால் நான் விட்டுவிடுவேன், அதுவும் இந்த வேலியில் இருந்ததுதானே.

விதைக்குக் கொஞ்சம் பொறுமை

ஒரே வேலியிலிருந்து நாலு கிழங்கு கொண்டுவந்தால் அவை ஒரே தாயின் துண்டுகளாக இருக்கலாம். விதை கிடைத்தால்தான் புது இரத்தம். பூவைப் பக்கத்திலிருந்து பாருங்கள், ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்து ஆரம் போலப் பரந்திருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே செங்குத்தாக மடங்கி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. பெரிய பட்டாம்பூச்சி வந்து சிறகில் தடவிக்கொண்டு போனால்தான் காய். கொடி குறைந்த இடத்தில் பூச்சி வரத்தும் குறைவு, பூத்துக் கொட்டும், காய் பிடிக்காது. சாகுபடிக் காடுகளில் விடியற்காலையில் ஆட்கள் பூ பூவாகத் தொட்டுக்கொண்டு போவது இதனால்தான். நீங்களும் செய்யலாம். ஒரு கொடியின் மகரந்தத்தைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டு, தூரத்திலிருந்து வந்த வேறு கொடியின் சூல்முடியில் தடவுங்கள், பூ மலர்ந்த முதல் இரண்டு நாளில், பத்து மணிக்குள்.

காய் பச்சை மாறிச் சுருங்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் வைத்தால் மூன்றாகப் பிளந்து சிவப்பு விதை தெரியும். பாதிக் காயைக் கொடியிலேயே விட்டுவிடுங்கள். எடுத்ததை ஆடியில் வேலியடியில் அரை விரல் ஆழத்தில் தூவி மறந்துவிடுங்கள். சிலது ஒரு மாதத்தில் முளைக்கும், சிலது அடுத்த மழைக்கு. முதல் வருஷம் நாலைந்து இலை, புல் என்று களையெடுத்துவிடாதீர்கள். பூக்க மூன்று நாலு வருஷம் ஆகும்.

இத்தனை பாடு எதற்கு, கிழங்கை வாங்கி நட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். விலைக்கு வரும் கிழங்கில் எது சாகுபடிக் காட்டிலிருந்து வந்தது, எது இன்னொரு ஊர் வேலியில் தோண்டியது என்று உங்களால் பிரிக்க முடியாது. எங்கள் வேலி காலியானதில் ஜேசிபிக்குப் பாதிப் பங்கு என்றால் மீதிப் பங்கு அந்தச் சாக்குப்பைகளுக்கு. வாங்கத்தான் வேண்டும் என்றால், நேராகச் சாகுபடி செய்கிற ஒருவரின் காட்டுக்குப் போய், பந்தலைப் பார்த்து, அவரிடம் விதை வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் வருஷம் முளைக்காவிட்டால் தோண்டிப் பார்க்காதீர்கள். இடம் மாறிய கிழங்கு சில சமயம் ஒரு மழையை விட்டுவிட்டுத் தூங்கும். அந்த பார்க் மூலையில் நான் நட்ட பதினான்கில் முதல் வருஷம் ஐந்துதான் வந்தது, இரண்டாம் வருஷம் எட்டு. ஒன்றை நான் மறந்தே போயிருந்தேன். போன புரட்டாசியில் அந்த வழியாகப் போனபோது, வேலியில் இடமிருக்க அதை விட்டுவிட்டு, பக்கத்தில் நட்டிருந்த "மனை எண் 37" என்ற கல்லைப் பிடித்து ஏற முடியாமல் அதன்மேல் சாய்ந்து கிடந்தது. ஒரு கிளுவைக் குச்சியை ஒடித்து ஊன்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.